கருவி முன்னே, பயிற்சி பின்னே

1985 செப்டம்பர் 12 அன்று ஜெர்மனியின் போப்ளிங்கன் நகரில் எரிக் ம்யூஹே என்ற அறுவை மருத்துவர், வயிற்றை நீளமாகக் கீறாமல் சிறு துளைகள் வழியாகவே கருவிகளைச் செலுத்திப் பித்தப்பையை அகற்றினார். மறு ஆண்டு அந்நாட்டு அறுவை மருத்துவர்கள் மாநாட்டில் அவர் அதை விவரித்தபோது பாராட்டுக்குப் பதில் ஏளனமே கிடைத்தது. 1987-இல் பிரான்சின் லியோன் நகரில் பிலிப் மூரே அதே அறுவையைச் செய்தார். அதற்குப் பிறகு காற்று திசை மாறிவிட்டது. வலி குறைவு, தழும்பு சிறிது, சீக்கிரமே வீட்டுக்குப் போகலாம் என்று கேள்விப்பட்ட நோயாளிகள், எங்களுக்கும் அப்படியே செய்யுங்கள் என்று கேட்கத் தொடங்கினார்கள். 1992-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய வல்லுநர் குழு இந்த முறைக்கு ஒப்புதல் சொல்வதற்குள், அது பல நாடுகளில் வேரூன்றி முடிந்திருந்தது.

கருவி பரவிய வேகத்தில் பயிற்சி பரவவில்லை. வயிற்றைக் கீறிச் செய்யும் திறந்த அறுவையில் நன்கு தேர்ந்தவர்கள் வார இறுதியில் இரண்டு நாள் வகுப்புக்குப் போய், பன்றிகளின் உடலில் சில முறை செய்து பார்த்துவிட்டு, அடுத்த வாரமே தங்கள் நோயாளிகளுக்குச் செய்தார்கள். அவர்களை அலட்சியக்காரர்கள் என்று சொல்ல மாட்டேன். கற்க விரும்பியவர்களுக்கு அன்று வேறு வழி எதையும் யாரும் அமைத்துத் தரவில்லை. அதன் விளைவு எண்களாகப் பதிவாகியிருக்கிறது. 1991-இல் அமெரிக்கத் தென்மாநில அறுவை மருத்துவர்கள் சேர்ந்து லேப்ராஸ்கோப்பி எனப்படும் இந்தத் துளைவழி முறையில் செய்த 1,518 பித்தப்பை அறுவைகளைத் தொகுத்து வெளியிட்டார்கள். கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தநீரைக் கொண்டுசெல்லும் பித்தநாளம் காயப்பட்டது மொத்தத்தில் 0.5 சதவீதம். ஒவ்வொரு குழுவும் செய்த முதல் 13 அறுவைகளை மட்டும் தனியே பிரித்தால் 2.2 சதவீதம். அதன் பிறகு வந்தவர்களில் 0.1 சதவீதம்.

பதின்மூன்றாவது ஆளாகப் படுப்பதா, ஐம்பதாவது ஆளாகப் படுப்பதா என்பது எந்த நோயாளியின் கையிலும் இல்லை. பித்தநாளம் அறுபட்டவருக்கு அது ஒருநாள் தொல்லையோடு முடிவதில்லை. மறு அறுவை, குழாய் வைத்தல், திரும்பத் திரும்ப வரும் காய்ச்சல், சிலருக்குக் கல்லீரலே கெட்டுப்போவது என்று பல ஆண்டுகள் இழுக்கும். மருத்துவர் கற்றுக்கொண்டதற்கான விலையை அவர் கட்டுகிறார். அறுவை மருத்துவத்தின் தொழில்நுட்ப வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தெரிவது இந்த இடைவெளிதான். கருவி முன்னே போகிறது, பயிற்சி பின்னே வருகிறது. நடுவில் நோயாளி படுத்திருக்கிறார்.

நான் பொது அறுவை மருத்துவர். திறந்த அறுவையில் கைபழகி, பிறகு லேப்ராஸ்கோப்பிக்கு மாறிய தலைமுறை. இப்போது என் வேலையில் பெரும்பகுதி முதுநிலை மாணவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது. அதனால்தான் இந்த இடைவெளியை எப்படிக் குறைப்பது என்ற கேள்வி என்னை விடுவதில்லை.

நாங்கள் கற்ற முறைக்கு அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் பெயரைச் சொல்வார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அவர் வகுத்த ஏற்பாட்டில், இளம் மருத்துவர் ஆண்டுக்கணக்கில் மருத்துவமனையிலேயே தங்கி, பொறுப்பைப் படிப்படியாக ஏற்றுக்கொள்வார். 1904-இல் அவர் ஆற்றிய உரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அந்த முறையின் பலம் ஆசிரியர் பக்கத்திலேயே நிற்பது. அதன் பலவீனம், என்ன கற்கிறோம் என்பது அன்றிரவு யார் வந்து சேர்கிறார்கள் என்பதைப் பொறுத்திருந்தது. குடல் அடைப்பு வந்தால் குடல் அடைப்பைக் கற்றோம். வராவிட்டால் இல்லை. அந்தக் குறையை நேரத்தால் ஈடுகட்டினார்கள். உறங்காமல் கிடந்தால் எல்லாம் ஒருநாள் கண்ணில் படும் என்ற கணக்கு. 2003-இல் அமெரிக்காவில் பயிற்சி மருத்துவர்களின் வேலை வாரத்துக்கு 80 மணி நேரம் என்று வரையறுக்கப்பட்டது. உறக்கமில்லாத கை நோயாளியின் வயிற்றுக்குள் இருக்கக் கூடாது என்பதால் அந்த வரம்பை முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் குறைந்த மணி நேரங்களுக்கு மாற்றாக எதை வைத்தோம் என்று கேட்டால், பல இடங்களில் பதில் இல்லை.

மாற்று என்னவென்று மிகப் பழைய காலத்திலேயே ஒருவர் சொல்லியிருக்கிறார். சுஸ்ருத சம்ஹிதை, மாணவன் மனித உடலைத் தொடுவதற்கு முன் எதில் பழக வேண்டும் என்று ஓர் அத்தியாயமே ஒதுக்குகிறது. பூசணி, வெள்ளரி போன்ற காய்களில் கீற வேண்டும். மயிர் நீக்காத தோலில் சுரண்டிப் பழக வேண்டும். தாமரைத் தண்டிலும் இறந்த விலங்கின் நாளங்களிலும் துளையிட வேண்டும். தடித்த துணியில் தைக்க வேண்டும். எல்லா நூல்களையும் படித்தவனாக இருந்தாலும் இந்தப் பழக்கம் இல்லாதவன் அறுவைக்குத் தகுதியற்றவன் என்பது அதன் நிலைப்பாடு. இன்று நாம் சிமுலேஷன், அதாவது மாதிரிகளில் பழகுதல், என்று சொல்வதன் முழுச் சாரமும் அதில் இருக்கிறது.

லேப்ராஸ்கோப்பிக்கு இந்தப் பழக்கம் ஏன் இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது என்பதற்குக் காரணம் உண்டு. வயிற்றுச் சுவரில் பொருத்திய குழாய் வழியாகக் கருவி நுழைவதால், அந்த இடமே நெம்புகோலின் தாங்குபுள்ளி ஆகிவிடுகிறது. நுனி வலப்பக்கம் போக வேண்டுமென்றால் கையை இடப்பக்கம் நகர்த்த வேண்டும். மானிட்டரில் தெரிவது தட்டையான படம். எது முன்னால், எது பின்னால் என்பதை நிழலையும் அசைவையும் வைத்துக் கணிக்க வேண்டும். விரல் நுனியின் உணர்வு நீண்ட உலோகத் தண்டைத் தாண்டி வருவதற்குள் மங்கிவிடுகிறது. திறந்த அறுவையில் இருபது ஆண்டு அனுபவம் உள்ளவருக்கும் இவை புதியவைதான்.

வயிற்றுக்குள்ளேயே முடிச்சுப் போடுவதைப் பாருங்கள். கேமரா பொருத்தி, துளைகள் வழியாகக் கருவிகளை விட்டுப் பழகும் பயிற்சிப் பெட்டிக்குள் மெல்லிய ரப்பர் குழாய் ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். அதில் ஒரு பிளவு, பிளவின் இருபுறமும் மையால் வைத்த இரண்டு புள்ளிகள். ஊசி அந்தப் புள்ளிகளிலேயே நுழைந்து வெளியே வர வேண்டும். நூலை இழுத்தபின் குட்டை முனை எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதில் பாதி வேலை அடங்கியிருக்கிறது. நீளமாக இருந்தால் வளையத்தின் வழியாக இழுத்து மாளாது. மிகக் குட்டையாக இருந்தால் கவ்வுவதற்குள் நழுவி உள்ளே போய்விடும். நீண்ட முனையை இடக்கைக் கருவியால் பிடித்து அரைவட்டமாக வளையச் செய்து, வலக்கைக் கருவியின் மேல் இரண்டு சுற்றுச் சுற்றி, குட்டை முனையைக் கவ்வி, இரண்டு கருவிகளையும் எதிரெதிர்த் திசையில் தட்டையாக இழுக்க வேண்டும். மேல்நோக்கி இழுத்தால் குழாய் அடிப்பலகையிலிருந்து பிய்ந்து வந்துவிடும். நிஜத்தில் என்றால் பிய்வது குடல். பிறகு கை மாற்றி ஒரு சுற்று, மீண்டும் கை மாற்றி ஒரு சுற்று.

"சார், நூல் எங்கே போனது என்றே தெரியவில்லை" என்று தொடக்கத்தில் ஏறக்குறைய எல்லோரும் சொல்வார்கள்.

"நூலைத் தேடாதே. கருவியின் நுனியைப் பார். நூல் அங்கே வந்துதான் ஆக வேண்டும்."

சில வாரங்களில் அதே மாணவர்கள் பேசிக்கொண்டே முடிச்சுப் போடுவார்கள். கை தானாக ஓடத் தொடங்கியபின் மனம் விடுதலையாகி, அறுவை எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்பதைப் பார்க்கும். பெட்டியில் பழகுவதன் பெரிய பயன் அதுதான். நோயாளியின் வயிற்றில் நூலோடு மல்லாடிக்கொண்டிருப்பவருக்கு ரத்தம் கசிவது கண்ணில் படாது.

இது வெறும் நம்பிக்கை இல்லை. 2002-இல் யேல் பல்கலைக்கழகத்தில் 16 பயிற்சி மருத்துவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் மெய்நிகர் சிமுலேட்டரில் பயிற்சி அளித்தார்கள். பயிற்சியை நாளால் அளக்கவில்லை; வல்லுநர்களின் தரத்தை எட்டும்வரை விடவில்லை. பிறகு இரு பகுதியினரும் உண்மையான நோயாளிகளில் பித்தப்பையைக் கல்லீரலிலிருந்து பிரித்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் 29 சதவீதம் விரைவாகச் செய்தார்கள். மற்றவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்துவதற்கோ தேவையற்ற திசுவைச் சுடுவதற்கோ ஐந்து மடங்கு வாய்ப்பு அதிகமாக இருந்தது. அமெரிக்காவில் 2009-10 கல்வியாண்டு முதல், லேப்ராஸ்கோப்பி அடிப்படைத் திறன் தேர்வில் தேறாமல் பொது அறுவைச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க முடியாது என்று விதி வந்தது. ம்யூஹேயின் அறுவைக்கும் இந்த விதிக்கும் இடையே கால் நூற்றாண்டு ஓடியிருக்கிறது.

பயிற்சிப் பெட்டிக்கு விலை ஒரு தடையே இல்லை. ஒரு பெட்டி, ஒரு கேமரா, காலாவதியான நூல், கழித்துப்போட்ட கருவிகள் போதும். கிடைக்காமல் போவது நேரம். 2006-இல் கனடாவில் 38 பயிற்சி மருத்துவர்களுக்கு நுண்ணிய ரத்தக்குழாய்களை இணைக்கும் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு பகுதியினர் நான்கு வகுப்புகளையும் ஒரே நாளில் முடித்தார்கள். மற்றவர்கள் வாரத்துக்கு ஒன்றாக நான்கு வாரம் கற்றார்கள். ஒரு மாதம் கழித்துச் சோதித்தபோது வாரந்தோறும் கற்றவர்களின் கை தெளிவாக மேலோங்கி நின்றது. இதைப் படித்த பிறகும் நாம் இரண்டு நாள் பயிலரங்கு வைத்து, குழுப்படம் எடுத்து, சான்றிதழ் கொடுத்து அனுப்புகிறோம். வாரந்தோறும் ஒரு மணி நேரத்தைப் பணிப்பட்டியலில் எழுதித் தர வேண்டும். பயிற்சி அறைக்குப் போன மாணவரை வார்டிலிருந்து யாரும் கூப்பிடக் கூடாது. இதைச் செய்யும் துறைகளில் சிமுலேட்டர் உழைக்கிறது. மற்ற இடங்களில் அது பூட்டிய அறைக்குள் உறை போர்த்தி நிற்கிறது. அப்படி ஒன்றை நானே பார்த்திருக்கிறேன், சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரிப்பதிலேயே மதியம் போய்விட்டது.

ஆனால் கைப்பழக்கம் மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2003-இல் வெளியான ஓர் ஆய்வு 252 பித்தநாளக் காயங்களை ஒவ்வொன்றாக அலசியது. 97 சதவீதத்தில் முதன்மைக் காரணம், மருத்துவரின் கண் ஏமாந்தது. கைத்திறன் குறைபாடு 3 சதவீதத்தில்தான்.

கண் எப்படி ஏமாறுகிறது? பித்தப்பையை மேல்நோக்கி இழுக்கும்போது அதன் சிறு குழாயும் பொதுப் பித்தநாளமும் ஒரே கோட்டில் வந்துவிடலாம். அழற்சியால் எல்லாம் ஒட்டிக் கிடந்தால் இரண்டுக்கும் இடையே உள்ள மூலையே மறைந்துவிடும். நீண்ட, ஒரே குழாய் போலத் தெரியும் அதைப் பித்தப்பையின் குழாய் என்று மூளை ஒருமுறை முடிவுகட்டிவிட்டால், பிறகு எதிர்ச்சாட்சிகளையும் தனக்குச் சாதகமாகத் திருப்பிக்கொள்கிறது. குழாய் வழக்கத்தைவிடத் தடிமனாக இருக்கிறதா, அழற்சி போலும். இன்னொரு நாளம் தெரிகிறதா, இவருக்குக் கூடுதலாக ஒரு கிளை இருக்கிறது போலும். இப்படியே அமைதியாக, அழகாக, திறமையாகத் தவறான குழாயில் கிளிப் போட்டு வெட்டிவிடுவார். காயம் ஏற்பட்டதே அறுவை முடியும்வரை தெரியாமல் போவதும் உண்டு.

இதற்கு மாற்றாகத்தான் ஸ்ட்ராஸ்பெர்க் என்ற அமெரிக்க மருத்துவர் 1995-இல் ஒரு நிபந்தனையை முன்வைத்தார். பித்தப்பையின் குழாய்க்கும் பொதுக் கல்லீரல் நாளத்துக்கும் கல்லீரலுக்கும் இடையே உள்ள முக்கோணப் பகுதியில் உள்ள கொழுப்பையும் நாரையும் முழுக்க நீக்க வேண்டும். பித்தப்பையின் அடிப்பகுதியைக் கல்லீரலிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டும். பித்தப்பைக்குள் நுழைபவை அதன் குழாய், அதன் ரத்தக்குழாய் என இரண்டே இரண்டு என்று கண்ணால் காண வேண்டும். மூன்றும் நிறைவேறும்வரை எதையும் வெட்டக் கூடாது. இந்த விதி எந்தப் புதுக் கருவியையும் கேட்பதில்லை. நின்று பார்க்கச் சொல்கிறது. என் மாணவர்களை வெட்டுவதற்கு முன் கருவிகளை விலக்கிவிட்டு, அந்த மூன்றையும் வாய்விட்டுச் சொல்ல வைக்கிறேன். சொல்ல முடியாவிட்டால் வெட்டுவதில்லை. பித்தப்பையின் ஒரு பகுதியை விட்டுவிட்டு வெளியே வரலாம், வயிற்றைத் திறக்கலாம், வடிகுழாய் வைத்து இன்னொரு நாள் பார்க்கலாம். எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவரைத்தான் நான் தேர்ந்த அறுவை மருத்துவர் என்று சொல்வேன்.

கண்ணைப் பழக்குவதற்குத் தொழில்நுட்பம் கொடுத்த மிகப் பெரிய கொடை வீடியோ. திறந்த அறுவையில் ஆழத்தில் நடப்பது செய்பவருக்கு மட்டும்தான் தெரியும். எதிரே நிற்கும் மாணவருக்குப் பெரும்பாலும் ஆசிரியரின் தலைதான் தெரியும். இன்று அறையில் உள்ள எல்லோரும் ஒரே படத்தைப் பார்க்கிறார்கள். பதிவு செய்து நாளை மறுபடியும் பார்க்கலாம். 2013-இல் மிச்சிகனில் உடல்பருமனுக்கான அறுவை செய்யும் 20 மருத்துவர்கள் தாங்கள் செய்த அறுவையின் வீடியோவைக் கொடுத்தார்கள். பெயர் தெரியாமல் சக மருத்துவர்கள் அவற்றுக்கு மதிப்பெண் இட்டார்கள். மதிப்பெண்ணில் கடைசிக் கால்பங்கினரின் நோயாளிகளில் 14.5 சதவீதம் பேருக்குச் சிக்கல்கள். முதல் கால்பங்கினரிடம் 5.2 சதவீதம். இவர்கள் அனைவரும் சான்றிதழ் பெற்று, தொழிலில் நிலைத்தவர்கள். ஆகவே பயிற்சி பட்டத்தோடு முடிவதாக நினைப்பது நோயாளிக்குச் செய்யும் அநீதி. எங்கள் துறையில் வாரத்தில் ஒருநாள் வீடியோவை ஓடவிட்டு, வெட்டப் போகும் கணத்தில் நிறுத்தி, "இங்கே வெட்டலாமா?" என்று கேட்கிறோம். என் வீடியோவும் அதில் வரும். முதலாண்டு மாணவர் கைதூக்கி "வேண்டாம்" என்று சொன்னால், ஏன் என்று அவர் விளக்கி முடிக்கும்வரை படம் நகராது.

ரோபோ விஷயத்துக்கு வருகிறேன். டாவின்சி என்ற ரோபோ அறுவைக் கருவிக்கு அமெரிக்க அனுமதி 2000-இல் கிடைத்தது. முப்பரிமாணப் படம், மணிக்கட்டுபோல் வளையும் நுனி, கைநடுக்கத்தை வடிகட்டும் அமைப்பு. குறுகிய இடுப்புக்குள் தையல் போடுவதற்கு அது எவ்வளவு உதவுகிறது என்பதை அனுபவித்தவன் நான். ஆனால் கற்பவரின் இடத்திலிருந்து பார்த்தால் வேறொன்று தெரிகிறது. திறந்த அறுவைக்கு இரண்டு சோடிக் கைகள் கட்டாயம் வேண்டும். குடலை விலக்க, திசுவை இழுத்துப் பிடிக்க, ரத்தம் துடைக்க என்று மாணவரின் கை உள்ளேயே இருந்தாக வேண்டும். அந்த உதவியின் ஊடாகவே திசுவின் குணம் கைக்கு ஏறும். ரோபோவில் கேமராவையும் மூன்று கைகளையும் கன்சோலில், அதாவது கட்டுப்பாட்டு மேசையில், அமர்ந்திருக்கும் ஒருவரே இயக்கிவிடுவார். மாணவர் நோயாளியின் பக்கத்தில் நின்று கருவி மாற்றிக் கொடுப்பார், உறிஞ்சுகுழாய் பிடிப்பார், மீதி நேரம் திரையைப் பார்ப்பார்.

2009-இல் இரட்டைக் கன்சோல் வந்தது. இருவர் அமர்ந்து கட்டுப்பாட்டை மாற்றி மாற்றிக் கொள்ளலாம். கற்பித்தலுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது என்று தோன்றும். நடைமுறையில் ஒரு வினோதம் நடக்கிறது. திறந்த அறுவையில் மாணவரிடமிருந்து கத்தியைத் திரும்ப வாங்க ஆசிரியர் கை நீட்ட வேண்டும், இடம் மாற வேண்டும். அந்தச் சிறு தொந்தரவே அவரை இன்னும் அரை நிமிடம் பொறுக்க வைக்கும். அந்த அரை நிமிடத்தில் மாணவர் தானே வழி கண்டுபிடித்துவிடுவார். கன்சோலில் ஒரு தொடுதலில் கட்டுப்பாடு ஆசிரியரிடம் வந்துவிடுகிறது. மாணவர் சற்றுத் தயங்கினாலே பறிபோய்விடுகிறது. மேட் பீன் என்ற ஆய்வாளர் அமெரிக்கப் போதனா மருத்துவமனைகளில் இதைக் கூர்ந்து கவனித்து 2019-இல் எழுதினார். ரோபோவில் தேறிய சிலர், வழக்கமான பாடத்திட்டத்துக்கு வெளியே, சிமுலேட்டரிலும் வீடியோவிலும் தாங்களாகவே மணிக்கணக்கில் செலவிட்டு, மேற்பார்வை குறைந்த இடங்களில் செய்து பழகித்தான் தேறினார்கள் என்பது அவர் கண்டது. மற்றவர்கள் பட்டம் பெற்றார்கள், பழக்கம் பெறவில்லை. ஆகவே கட்டங்களை முன்கூட்டியே பிரித்துக்கொள்கிறோம். இன்று இந்தத் தையல் வரிசை முழுவதும் உன்னுடையது, ஆபத்து வந்தாலொழிய நான் தொட மாட்டேன் என்று அறுவைக்கு முன்பே சொல்லிவிடுவேன். சொன்னபடி உட்கார்ந்திருப்பது எளிதில்லை. ஆனால் அதுதான் ஆசிரியரின் வேலை.

ரோபோவின் இன்னொரு குறை, தொடு உணர்வு இல்லாதது. நூல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதைக் கையால் அறிய முடியாது. திசு வெளுப்பதையும் நூல் விறைப்பதையும் பார்த்துத்தான் அறிய வேண்டும். புதியவர்கள் நூலை அறுத்துக்கொண்டே இருப்பார்கள். 2024-இல் அனுமதி பெற்ற புதிய டாவின்சியில் விசையை உணர்த்தும் கருவிகள் வந்திருக்கின்றன. நல்ல செய்திதான். அறுவையின் வீடியோவிலேயே பாதுகாப்பான பகுதியையும் ஆபத்தான பகுதியையும் நிறமிட்டுக் காட்டும் செயற்கை நுண்ணறிவும் சோதிக்கப்பட்டு வருகிறது. நிறம் வந்தபின் மாணவர் தன் கண்ணை நம்புவாரா, நிறத்தை நம்புவாரா என்ற கேள்வியை அது சந்தைக்கு வருவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

எனக்கு உறக்கம் கெடுக்கும் கவலை வேறு. குடல்வால், குடலிறக்கம், பித்தப்பை ஆகியவைதான் ஒரு காலத்தில் திறந்த அறுவையின் பாலபாடம். எளிய பித்தப்பைகளைத் திறந்து செய்து பழகிய பிறகே கடினமானவற்றுக்குப் போனோம். இன்று எளியவை எல்லாம் துளை வழியாகவே முடிந்துவிடுகின்றன. வயிற்றைத் திறக்க வேண்டி வருவது, உள்ளே எதுவும் அடையாளம் தெரியாத அளவுக்கு ஒட்டிக்கிடக்கும்போது, அல்லது ரத்தம் பீறிடும்போது. ஆகவே இன்றைய பயிற்சி மருத்துவர் பார்க்கும் முதல் திறந்த பித்தப்பை அறுவை, மிகக் கடினமானதாகவே இருக்கிறது. பாதுகாப்புக்காகத் திறக்கிறோம் என்று சொல்கிறோம். திறந்து பழகிய கைகளோ ஒவ்வொன்றாக ஓய்வுபெற்றுக்கொண்டிருக்கின்றன. பதப்படுத்திய உடல்களில் திறந்த அறுவையைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும். விபத்துச் சிகிச்சைப் பிரிவில் மாணவர்கள் கழிக்கும் மாதங்களைக் கூட்ட வேண்டும். ஓய்வுபெற்றவர்களை ஊதியம் கொடுத்துத் திரும்ப அழைத்து, பயிற்சிக்கூடத்தில் நிற்க வைக்க வேண்டும். ரோபோவுக்குச் செலவிடும் தொகையோடு ஒப்பிட்டால் இவையெல்லாம் சொற்பம்.

கருவி வாங்கும் கூட்டங்களில் நான் எப்போதும் கேட்பவை: இதில் பயிற்சி பெற யாருக்கு எந்த நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது? தொடக்க அறுவைகளில் பக்கத்தில் நிற்கப்போகும் அனுபவசாலி யார்? அந்த நோயாளிகளின் விளைவுகளைத் தனியாகக் குறித்துவைப்பது யார் பொறுப்பு? விலைப்பட்டியலில் இவற்றைப் பற்றி ஒரு வரிகூட எழுதியிருக்காது. எழுதிச் சேர்க்கச் சொல்வேன்.

நோயாளியிடமும் மறைப்பதில்லை. அறுவைக்கு முந்தைய நாள் மாணவரையும் அழைத்துக்கொண்டு போய் உட்காருகிறேன். இன்ன கட்டத்தை இவர் செய்வார், நான் பக்கத்திலேயே இருப்பேன், இதற்காக இவர் பெட்டியில் இவ்வளவு பழகியிருக்கிறார், இந்த நிலை வந்தால் நான் வாங்கிக்கொள்வேன் என்று ஒவ்வொன்றாகச் சொல்வேன். பெரும்பாலோர் சம்மதிக்கிறார்கள். மாணவரைப் பார்த்து நேராகவே கேள்வி கேட்கிறார்கள். மாணவரும் நேராகப் பதில் சொல்லப் பழகுகிறார். மறுப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு நானே செய்கிறேன், மாணவர் கேமரா பிடிக்கிறார். மறுத்ததால் சிகிச்சையில் எந்தக் குறையும் வராது என்பதையும் அப்போதே சொல்லிவிடுகிறேன்.